மச்சான் கட்டிய மேல்கம்பி

வேலிக்காரர் என்று சொன்னால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். கண் டாக்டரம்மா ஒருவர் எப்போதோ வாங்கி, ஒரு கிளைகூட வெட்டாமல் விட்டுவைத்த முந்நூறு ஏக்கர் காட்டுக்கு அவர்தான் காவல். தினமும் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலியோரமாக நடப்பார். பையில் கட்டிங் பிளேயர், கம்பிச்சுருள், கயிறு, ஒரு தண்ணீர் பாட்டில். பன்றி எங்கே மண்ணைக் கிளறியது, எந்தப் பொந்தில் ஆந்தை குடிவந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊரில் பாதிப் பேர் உடம்பு இளைக்க நடக்கிறார்கள், எனக்கு அதுவே உத்தியோகம் என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

கிழக்கு எல்லைக்கு வந்தால் மட்டும் அந்தச் சிரிப்பு போய்விடும். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய மச்சானின் கொய்யாத் தோட்டம். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. மூன்று வருடங்களுக்கு முன் மான்கள் புகுந்து இளங்கன்றுகளை மொட்டையடித்துவிட்டுப் போயின. அன்று இவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்த மச்சான், "உங்க மானு" என்று ஆரம்பித்தான். என் மானா, நானா பெத்து விட்டேன் என்று இவர் கேட்டார். வார்த்தை தடித்தது. மச்சான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். மறுவாரமே எல்லை வேலியின் உச்சியில் தன் கையாலேயே ஒரு முள்கம்பி இழுத்துக் கட்டினான்.

தொழில் தெரியாத கட்டு. பழைய கம்பிக்கும் புதிய கம்பிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான். தாவுகிற மானின் கால் அதில் நுழைந்தால் முறுக்கிக்கொள்ளும் என்று வேலிக்காரருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஆனால் பேசாத ஆளிடம் எப்படிப் போய்ச் சொல்வது? தினமும் பார்த்தார், தினமும் கடந்து போனார்.

மழை விட்ட ஒரு காலையில் அது நடந்தேவிட்டது. தோட்டத்திலிருந்து காட்டுக்குத் திரும்பத் தாவிய பெண்மான் ஒன்று, பின்னங்கால் கம்பிகளுக்குள் சிக்கி, காட்டுப் பக்கமாகத் தலைகீழாய்த் தொங்கியது. முன்னங்கால்கள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் கொய்யா மரங்களுக்கு நடுவே அதன் குட்டி போவதும் வருவதுமாக இருந்தது. தனியாளால் ஆகிற காரியமில்லை. பிடிக்க ஒருவர் வேண்டும், வெட்ட ஒருவர் வேண்டும். டாக்டரம்மா இருப்பது நகரத்தில். கூப்பிடு தூரத்தில் இருந்தது மச்சானின் மோட்டார் கொட்டகை மட்டுமே.

வேலியைத் தாண்டிப் போய்க் கொட்டகை வாசலில் நின்றார். மச்சான் நிமிர்ந்து பார்த்தான்.

"மான் மாட்டிக்கிச்சு. ஒரு கை வேணும்."

மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே வந்தான். வேலியைத் தாண்டி மானருகே வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேலிக்காரர் உதட்டில் விரல் வைத்தார். மனிதக் குரல் கேட்டால் மான் மிரண்டு காலை ஒடித்துக்கொள்ளும். மூன்று வருடமாகப் பேசாத இருவருக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. மானின் கண்ணை மூட வேண்டும் என்று இவர் கையால் காட்டினார். மச்சான் சட்டையைக் கழற்றி அதன் தலைமேல் போர்த்தினான். மானின் துடிப்பு பாதி அடங்கியது. வெட்டியதும் கம்பி துள்ளி முகத்தில் அடிக்காதபடி வேலிக்காரர் இரு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டினார். பிறகு பிளேயரை மச்சானிடம் கொடுத்துவிட்டு, குளம்பில் உதை வாங்காமல் முதுகுப் பக்கமாக மானை அணைத்துக்கொண்டார். அதன் இதயம் அவர் உள்ளங்கையில் அடித்தது. இரண்டு இடத்தில் மச்சான் வெட்டினான். கால் விடுபட்டது.

சட்டையை உருவியதும் மான் விழுந்து, எழுந்து, நொண்டியபடியே மரங்களுக்குள் போய் நின்றது. அதைப் பார்த்த குட்டி வேலியில் முட்டிக்கொண்டது. யாரும் சொல்லாமலே மச்சான் கீழ்க்கம்பியைத் தொடைவரை தூக்கிப் பிடித்தான். குட்டி வந்தது, நின்றது, யோசித்தது. அவன் அசையவில்லை. சட்டென்று குனிந்து நுழைந்து தாயிடம் ஓடியது.

மச்சான் கம்பியைக் கீழே விட்டான்.

"நான் கட்டின கம்பிதானே மாமா அது."

"நீ கட்டினே. நான் தினமும் பாத்துட்டுப் போனேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

மச்சான் யோசித்தான். "கேட்டிருக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சேறு அப்பிய உடம்போடு வீட்டுக்குப் போனார்கள். வாசலில் தம்பியைப் பார்த்த மனைவி உள்ளே போனாள். இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள். அவன் சட்டையில்லாமல் வந்ததைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை திட்டினாள்.

டாக்டரம்மாவுக்கு வேலிக்காரர் போனில் நடந்ததையெல்லாம் சொன்னார், தான் சும்மா கடந்து போனதையும் சேர்த்து. டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கிழக்கு வேலியை எப்படி வைத்தால் நல்லது என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க மாமனும் மச்சானும் முள்கம்பியைச் சுருட்டி எடுத்தார்கள். மான் தாவ வசதியாக உச்சிக் கம்பியை இறக்கி, குட்டி நுழைய வசதியாகக் கீழே முள்ளில்லாத கம்பியை முழங்கால் உயரத்துக்கு ஏற்றினார்கள். கொய்யாக் கன்றுகளுக்கு மட்டும் ஒவ்வொன்றாக வலைக்கூண்டு போட்டார்கள். வேலை நெடுக மச்சான் ஓயாமல் பேசினான். மூன்று வருடப் பேச்சை ஒரே வாரத்தில் தீர்த்துவிடப் பார்க்கிறானே என்று வேலிக்காரருக்குத் தோன்றினாலும், காதுக்கு அது இதமாகத்தான் இருந்தது.

விலங்கு கடந்தால் தானாகப் படம் பிடிக்கும் காமிரா ஒன்றை அந்த இடத்து மரத்தில் கட்டியிருந்தார்கள்; மாதக் கடைசியில் அதைத் திறந்து பார்த்தார்கள். ஒரு முள்ளம்பன்றி, இரண்டு முயல், பன்றிக் குடும்பம் ஒன்று. கடைசிப் படத்தில் பெண்மான், நான்கு காலையும் ஊன்றி நின்றது, பக்கத்திலேயே குட்டி.

"கொஞ்சம் சதை போட்டிருக்கில்ல மாமா?" என்றான் மச்சான், தன் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"எல்லாம் உன் கொய்யா இலைதான்," என்றார் வேலிக்காரர்.