‘வேண்டாம்’ என்றொரு பொத்தான்

மனித குலம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை இணையதளத்தைத் திறந்ததும் எழும்பும் குக்கி அறிவிப்பை முழுதாகப் படித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. இந்தப் பேருண்மையைக் கண்டறிந்தவன் புயல். சுகாதாரத் துறைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், காகிதக் கோப்பையை உயர்த்திப் பிடித்தபடி அவன் இதை அறிவித்தான். யாரும் மறுக்கவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

புயல் என்பது அலுவலகம் வைத்த பெயர். எந்த வேலையைக் கொடுத்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவான். அதற்கப்புறம் எதெது சாய்ந்து கிடக்கிறது என்று பார்க்க வேறு ஆட்கள் வர வேண்டியிருக்கும்.

துறையின் புதிய இணையதளம் அவன் கைவண்ணம். அரசு மருத்துவமனைகளில் எந்தப் பரிசோதனைக்கும் ஜனங்கள் அதில்தான் நேரம் பதிய வேண்டும். தளத்தைத் திறந்ததும் கீழே ஒரு பெட்டி எழும்பும். ‘உங்களை நினைவில் வைத்துக்கொள்ள உங்கள் கருவியில் சிறு குறிப்புகளைப் போட்டு வைக்கிறோம், சம்மதமா?’ என்று கேட்கும். ‘எல்லாம் சம்மதம்’ என்ற பொத்தான் பச்சை நிறத்தில், கட்டைவிரல் தவறி விழுந்தாலும் அதன்மேல்தான் விழும் என்கிற அளவில் இருந்தது. ‘வேண்டாம்’ என்பதும் இருந்தது. ‘விருப்பங்களை நிர்வகி’ என்பதைத் தட்டி, அடியில் போய், சாம்பல் நிறத்தின்மேல் சாம்பல் நிறத்தில் எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தால் அதுதான்.

அறிவிப்பின் வாசகத்தை அவன் முன்பு வேலை செய்த செருப்புக் கடையின் தளத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தான். ஆகவே, ‘உங்கள் பாத அளவுக்கேற்ற சலுகைகளை வழங்குவதற்காக’ என்ற வரி சுகாதாரத் துறையின் பெயரில் நான்கு மாதமாக நின்றுகொண்டிருந்தது. ஊர் ஜனம் முழுக்க வந்துபோன தளம். கேட்டு எழுதியவர் ஒரே ஒருவர். பூட்டுப் பழுதுபார்ப்பவர்.

‘என் பாத அளவு ஒன்பது. இதைத் தெரிந்துகொண்டு என் கண் பரிசோதனையில் என்ன செய்வதாக உத்தேசம்?’

புயல் அந்த மின்னஞ்சலை அச்செடுத்து, தன் திரைக்கு மேலே சுவரில் ஒட்டி, அடியில் ‘பொழுதுபோகாத மனிதர்’ என்று எழுதிவைத்தான். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினான். சிரிக்காமல் அதைப் படித்த ஒரே ஆள் வேண்டாம் மேடம்.

வேண்டாம் மேடம் தரவுப் பாதுகாப்பு அதிகாரி. அவர் வேலையே எது வந்தாலும் ‘வேண்டாம்’ என்பதுதான் என்று மற்றவர்கள் முடிவு செய்திருந்தார்கள். தளம் திறப்பதற்கு முன்னாலேயே அவர் கேட்டிருந்தார்.

“தம்பி, அந்த ‘வேண்டாம்’ பொத்தானை அழுத்தினா என்ன ஆகும்?”

“பெட்டி மூடிடும் மேடம்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஜனங்க நிம்மதியா பக்கத்தைப் பார்ப்பாங்க.”

“தகவல் வெளியே போறது நிக்குமா?”

“அந்த இணைப்பைக் குடுக்க ரெண்டு வாரம் ஆகும் மேடம். லிஸ்டுல போட்டிருக்கேன்.”

“எந்த லிஸ்டு?”

“பெரிய லிஸ்டு.”

விஷயம் இதுதான். பொத்தானை எதோடும் இணைக்கவில்லை. சுவரில் ஸ்விட்ச் இருக்கும், உள்ளே கம்பி இருக்காதே, அந்த மாதிரி. யார் வந்தார்கள், எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்பதையெல்லாம் ஒரு விளம்பர நிறுவனத்தின் வருகை எண்ணும் மென்பொருள் கருவி வாங்கிக்கொண்டே இருந்தது. இயக்குநருக்கு ‘இன்று இத்தனை பேர்’ என்று மலை மாதிரி ஏறும் வரைபடம் வேண்டும். கருவி அதைப் போட்டுக் கொடுத்தது. அதுவும் இலவசமாக. எதற்கு இலவசம் என்று கேட்டவர் வேண்டாம் மேடம் மட்டும்தான். அவருக்கு இயக்குநர் சொன்ன பதில்: “முதல்ல திறப்போம், அப்புறம் பார்ப்போம்.”

“ஒளிக்கறதுக்கு ஏதாவது இருக்கறவங்கதான் மேடம் இதுக்கெல்லாம் பயப்படணும்,” என்றான் புயல். “என்னைப் பாருங்க. என் வாழ்க்கை திறந்த புத்தகம்.”

“நல்லது தம்பி. எந்தப் பக்கம் வரைக்கும் எழுதியிருக்கு?”

அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

புத்தகத்தின் அடுத்த பக்கம் வீட்டில் திறந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம், இன்னும் குழந்தை இல்லை. அவன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்ப்பவள். எதையும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொள்கிற பழக்கம் தொழிலோடு வந்தது. தளம் திறந்த நாலாம் மாதம் ஒருநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“எனக்கு எல்லா டெஸ்டும் நார்மல். இனிமே உங்களைத்தான் பார்க்கணுமாம். சீக்கிரம் டெஸ்டுக்கு நேரம் பதியச் சொன்னாங்க டாக்டர்.”

“எனக்கா?”

“பின்னே பக்கத்து வீட்டுக்காரருக்கா? நான் எத்தனை ஊசி குத்திக்கிட்டேன். உங்களுக்கு ஊசிகூடக் கிடையாதாம்.”

புயல் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “சரி, போறேன். ஆனா யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா அம்மாவுக்கு.”

அவள் சிரிக்கவில்லை. “மூணு வருஷமா அத்தை என்னைப் பத்தி ஊரெல்லாம் சொல்றாங்க. இவளுக்குத்தான் ஏதோ கோளாறுன்னு உங்க சித்தி என்கிட்டயே சொன்னாங்க. அப்பல்லாம் என்கிட்ட யாராவது கேட்டாங்களா, சம்மதமான்னு?”

அவன் கைபேசியை எடுத்தான்.

நேரம் பதிய ஒரே வழி அவன் கட்டிய தளம். தொலைபேசியில் பதியும் வசதி முன்பு இருந்தது. ‘எல்லாம் இணையத்தில்’ என்று அதை மூடவைத்துப் பாராட்டு வாங்கியவனும் அவன்தான்.

முகப்புப் பக்கம் திறந்தது. பெட்டி எழும்பியது. கட்டைவிரல் பழக்க தோஷத்தில் பச்சைப் பொத்தானை நோக்கி இறங்கி, பாதியில் நின்றது. அவனுக்குப் பயணப் பெட்டி ஞாபகம் வந்தது.

போன கோடையில் ஒருநாள் மதியம் அவன் பயணப் பெட்டி விலை பார்த்தான். வாங்கவில்லை, பார்த்தான், அவ்வளவே. அந்த வீட்டில் அவன் கைபேசி, மனைவியின் மடிக்கணினி, கூடத்தில் அம்மா எந்நேரமும் மடியில் வைத்திருக்கும் டேப்லெட் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. ஆளுக்கொரு கணக்கு எதற்கு என்று அவன்தான் அப்படி வைத்துக்கொடுத்தான். சாயங்காலத்துக்குள் அம்மாவின் டேப்லெட்டில் சின்னதும் பெரியதும் சக்கரம் வைத்ததுமாகப் பெட்டி பெட்டியாக விளம்பரம் வர ஆரம்பித்தது. “டேய், ரெண்டு பேரும் எங்கடா போறீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!” அம்மா அதோடு விடவில்லை. மகன் குடும்பத்தோடு வெளிநாடு போகிறான் என்று சித்திக்குச் சொல்ல, சித்தி போனிலேயே அழுது, வழியனுப்ப எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டாள்.

பெட்டிக்கே அந்தப் பாடு.

அவன் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ‘வேண்டாம்’ எங்கே என்று தேடினான். அவன் வைத்த இடம்தான். ஆனாலும் உடனே அகப்படவில்லை.

“தெரியலையா?” என்றாள் மனைவி. “கண்ணாடி எழுதித் தரட்டுமா?”

கண்டுபிடித்து அழுத்தினான். பெட்டி பணிவாக மூடிக்கொண்டது. ஒரு நொடி நிம்மதி. அப்புறம்தான் அந்தப் பொத்தான் எதோடும் இணைந்திருக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. இந்த உலகத்தில் அதைச் சந்தேகமறத் தெரிந்த ஒரே ஆள் அவன்.

கைபேசி உலாவியில் தடம் வைக்காத தனி ஜன்னலைத் திறந்து அதில் போகலாமா என்று யோசித்தான். பிரயோஜனம் இல்லை. பதிவு செய்யக் கைபேசி எண் கொடுத்தே ஆக வேண்டும். வரைபடம் இன்னும் துல்லியமாக வரட்டும் என்று, அந்த எண்ணையும் எந்தப் பரிசோதனை என்பதையும் சேர்த்துக் கருவிக்கு அனுப்பும் வசதியை முடுக்கிவிட்டிருந்தான். அம்மாவின் டேப்லெட்டும் அதே எண்ணில்தான் இருந்தது. ஆண்களுக்கான குழந்தைப்பேற்றுப் பரிசோதனை என்று இங்கே பதிந்தால், ராத்திரி சாப்பாட்டுக்குள் கூடத்தில் லேகியமும் மாத்திரையும் ‘ஆண்மைக் குறைவா, கவலை வேண்டாம்’ என்ற அன்பான குரலும் வரிசை கட்டும். அம்மா முதலில் அவனிடம் கேட்கமாட்டாள். சித்தியிடம் கேட்பாள்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

“பதிஞ்சாச்சா?”

“நாளைக்கு.”

“அரசாங்க ஆள்னு நிரூபிச்சிட்டீங்க,” என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைக் கழற்றப் போனாள்.

மறுநாள் காலை அவன் சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது, கூடத்தில் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். “நேத்திகூட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தா. என்ன சொன்னாங்களோ, மூஞ்சியே சரியில்ல. என்னத்தைச் சொல்ல, அவ உடம்புவாகு அப்படி...”

சமையலறையில் பாத்திரம் ஒன்று கொஞ்சம் அழுத்தமாக வைக்கப்பட்டது.

“அம்மா,” என்றான் புயல். “அவளைப் பத்தி யார்கிட்டயாவது சொல்றதுன்னா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லு.”

அம்மா போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். “என்னடா இது, ஆபீஸ் மாதிரி பேசறே? நம்ம வீட்டு விஷயத்தைச் சொல்ல யார்கிட்டடா கேக்கணும்?”

“யாரோட விஷயமோ, அவங்ககிட்ட.”

“உன் விஷயம்னா?”

“என்கிட்ட.”

“உனக்கு என்னடா விஷயம் இருக்கு?” என்று அம்மா உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அலுவலகத்தில் விளக்குப் போடுகிறவர் வருவதற்கு முன் அவன் இருக்கையில் இருந்தான். இரண்டு வாரம் ஆகும் என்று சொன்ன வேலை மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. ‘வேண்டாம்’ என்றால் கருவி அந்த ஆளை எண்ணாது. ‘சம்மதம்’ சொல்லும்வரை தொடவே தொடாது. கைபேசி எண் போகிற வழியை, யார் என்ன சொன்னாலும் போகாதபடி அடைத்தான். இரண்டு பொத்தானும் ஒரே அளவு, ஒரே நிறம், பக்கத்துப் பக்கத்தில். செருப்புக் கடையின் வாசகத்தைத் தூக்கிவிட்டு, வேண்டாம் மேடம் எப்போதோ எழுதிக்கொடுத்து அவன் திறந்தே பார்க்காத வாசகத்தைப் போட்டான்.

மதியத்துக்கு மேல் தாழ்வாரத்துப் பெரிய திரையில் வரைபடத்து மலை சரிந்தது. இயக்குநர் தம் அறையிலிருந்து எழுந்து, தாமே புயலின் மேஜைக்கு வந்தார்.

“என்னப்பா இது? ஜனங்க எங்கே?”

“வந்துக்கிட்டுதான் சார் இருக்காங்க. நாம பார்க்கலை, அவ்வளவுதான்.”

“ஏன் பார்க்கலை?”

“வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார்.”

“அவங்களை யாருய்யா கேட்டா?”

“நாமதான் சார் கேட்டோம். பெட்டி வச்சு.”

இயக்குநர் மலையைப் பார்த்தார். பள்ளத்தாக்கைப் பார்த்தார். “காலைல இருந்த மாதிரியே மாத்திடு.”

புயல் திரைப் பக்கம் திரும்பினான். அப்போது அடுத்த மேஜையிலிருந்து, தட்டச்சு செய்வதை நிறுத்தாமல், வேண்டாம் மேடம் பேசினார்.

“மாத்திடலாம் சார். மாத்தச் சொன்னது நீங்கதான்னு எழுத்துல ஒரு வரி குடுத்துட்டீங்கன்னா போதும்.”

‘எழுத்தில்’ என்ற சொல் அந்தக் கட்டடத்தில் நன்றாக வேலை செய்யும். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பரவால்ல, இருக்கட்டும். எப்பவும் ஏறிக்கிட்டேவா இருக்கும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வேண்டாம் மேடம் இப்போதுதான் நிமிர்ந்தார். “என்ன தம்பி, திடீர்னு?”

“சட்டம்னு ஒண்ணு இருக்கே மேடம்.”

“ஆமா, இருக்குன்னு நானும் கேள்விப்பட்டேன்.” மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் அவர் வேலையில் சேர்த்திதான் என்று புயலுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அவன் கைபேசியோடு படிக்கட்டுக்குப் போனான். தீயணைப்புக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்வரை காத்திருந்தான். தளத்தைத் திறந்தான். பெட்டி எழும்பியது. முதல் வரியிலிருந்து படித்தான். என்ன குறிப்பு, எதற்கு, எத்தனை நாள், யார் கையில், மனசு மாறினால் யாரைக் கேட்பது என்று நின்று நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படித்தான். நடுவில் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த துப்புரவுப் பணியாளர் வாளியோடு நின்று, “ஏதாவது கெட்ட சேதியா தம்பி?” என்று கேட்டார்.

“இல்லண்ணே. குக்கி.”

அவர் புரிந்துகொண்ட முகத்தோடு இறங்கிப் போனார்.

புயல் ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினான். பெட்டி மூடியது. ஆண்கள் பிரிவுக்குப் போய், வியாழக்கிழமை காலைக்குப் பதிந்தான். மனைவிக்கு ‘பதிஞ்சாச்சு’ என்று அனுப்பினான். ‘நிஜமாவா?’ என்று வந்தது. ‘நிஜமா’ என்றான். ‘நானும் வரேன்’ என்று வந்தது.

இருக்கைக்குத் திரும்பி, பூட்டுப் பழுதுபார்ப்பவரின் மின்னஞ்சலைச் சுவரிலிருந்து கிழியாமல் உரித்து, மடித்து, இழுப்பறையில் வைத்தான். பிறகு இயக்குநரின் வரைபடத்தைத் தன் திரையில் திறந்து, ஆண்கள் பிரிவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தான். அன்று பிற்பகல் அந்தப் பக்கத்துக்கு ஒருவர்கூட வரவில்லை என்று காட்டியது.

கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் சரிபார்த்தான்.