நகத்தில் தெரியும் வயது

அக்கா இறந்த நாலாம் நாள் அவள் அறையைக் காலி செய்யப் போனேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கூண்டு. அதற்குள் சாம்பல் நிற முயல். பக்கத்து வீட்டம்மா கீரை போட்டுக் காப்பாற்றியிருந்தாள். அந்தப் பக்கத்து வீட்டம்மா அங்கே குடிவந்து ஆறு மாதமாகிறது. வரும்போதே முயல் இருந்ததாம்.

ஐந்து வருடத்துக்கு முன், என் மகள் பிறந்த மூன்றாவது வாரம், அக்கா ஓர் அட்டைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். உள்ளே முயல் குட்டி. அதுவும் சாம்பல். கைக்குழந்தை இருக்கிற வீடு, முடி கொட்டும், அறிவிருக்கா என்று வந்திருந்தவர்கள் எதிரிலேயே கேட்டேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். அன்று இரவே போன் செய்தாள்.

"கடையிலயே திருப்பிக் குடுத்துட்டேன்டா. மனசுல வெச்சுக்காத."

நானும் வைத்துக்கொள்ளவில்லை.

முயலைப் பெட்டியில் போட்டுக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். வியாதி எதுவும் இல்லை, வயது மட்டும் தெரிந்தால் போதும் என்றேன். முயலுக்கு யாரும் பிறப்புச் சான்றிதழ் வாங்கிவைப்பதில்லை என்று டாக்டரம்மா சிரித்தார். மடியில் மல்லாத்திப் போட்டார். அது உதறாமல் கிடந்தது. குட்டியின் நகம் முடிக்குள் மறைந்திருக்குமாம். இதற்கு வெளியே வளைந்து நின்றது. முன்பல்லில் மஞ்சள் ஏறியிருந்தது. பின்னங்கால் குதியில் முடி தேய்ந்து தோல் தெரிந்தது.

"அஞ்சு இருக்கும். முன்ன பின்ன ஆறு மாசம்."

"ஒரு வயசுக்குள்ள இருக்காதா, டாக்டர்?"

"உங்களுக்கு எத்தனை வேணும்னு சொல்லுங்க, எழுதித் தரேன்."

நான் சிரிக்கவில்லை. அவர் சீட்டில் ஐந்து என்று எழுதி, பெயர் என்ன என்று கேட்டார். தெரியவில்லை. அக்கா அதை எப்படிக் கூப்பிட்டாளோ, இனிக் கேட்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவாள். போகும்போது முட்டைக்கோஸின் மேல் இலை, கேரட் தழை, கீரைத் தண்டு என்று குப்பைக்குப் போவதையெல்லாம் பையில் கட்டிக்கொள்வாள். அதையா பொரியல் பண்ணித் தின்கிறாய், இப்படியொரு கஞ்சத்தனமா என்று ஒவ்வொரு வாரமும் கிண்டலடித்திருக்கிறேன். ஆமாடா என்பாள். அவள் அறைக்கு நான் போனது ஐந்து வருடத்தில் இரண்டே முறை. அப்போதும் வாசலோடு திரும்பிவிட்டேன்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். மகள் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தாள்.

"யாருதுப்பா?"

"உன்னுதுதான். நீ பொறந்தப்போ அத்தை வாங்குனது."

"அப்பறம் ஏன் இத்தனை நாள் தரல?"

"நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

வேறு காரணம் ஏதாவது இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

"முடி கொட்டும்னு."

அவள் முயலின் முதுகை ஒருமுறை நீளமாகத் தடவினாள். உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"கொஞ்சம்தான்பா கொட்டுது."