குப்பை போட வந்தேன் என்றாள் ஹலினா

போலந்தில் ராதோம் நகரில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்தவள் ஹலினா. குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒரு சைக்கிள்காரரின் காலை முறித்ததற்குத் தண்டனை. சிறைக்குப் பதில் கணுக்காலில் மின்னணுப் பட்டை, வீட்டில் ஒரு கண்காணிப்புப் பெட்டி. தையல் ஆலைக்குப் போய்வரும் நேரம் தவிர வாசலைத் தாண்டக் கூடாது. இதற்கு உடன் வசிப்பவரின் சம்மதம் வேண்டும், கண்ணுகளா. புருஷன் ரோமுவால்ட் சம்மதித்தான். அன்றிலிருந்து அதையே பிடியாக்கிக்கொண்டான். அடிப்பான். “வாசலத் தாண்டு பாப்போம், நேரா ஜெயிலுதான்” என்பான்.

ஒரு ஞாயிறு மதியம் கொதிக்கிற பீட்ரூட் சூப்பை அவள் மேல் ஊற்றினான். கீழே என் வீட்டுக்கு ஓடிவந்தாள். தோளில் நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கைபேசி அடித்தது. கண்காணிப்பு மையம். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள்.

“குப்ப போட வந்தேன்” என்றாள்.

டாக்டரிடம் படியில் விழுந்தேன் என்றும், பாதிரியாரிடம் உடம்பு சரியில்லை என்றும் சொல்லிச் சொல்லி வந்த வாய். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் அந்த வாய்தான். ஆனால் மேலே போக அவளுக்குக் கால் எழவில்லை. சாயங்காலம் போலீஸ் வந்து, அவளை அதே வீட்டில் கொண்டுபோய் விட்டது.

வாசல் தாண்டியதற்கான விசாரணையில் நீதிபதி அம்மா அந்தக் கைபேசிப் பேச்சின் பதிவைப் போட்டுக் காட்டினார். ரோமுவால்ட் இஸ்திரி போட்ட சட்டையில் எழுந்து, அவளை மன்னித்துவிட்டதாகவும், தன் சம்மதம் அப்படியே இருப்பதாகவும் சொன்னான். நீதிபதிக்கும் நிம்மதி. எச்சரித்து வீட்டுக்கே அனுப்பலாம் என்றார்.

“குப்ப போட வந்தேன்னு சொன்னது பொய்யிம்மா. இவரு சூப்ப எம்மேல ஊத்தினாரு” என்றாள் ஹலினா.

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொல்லிப் பழக்கமில்ல.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அடித்ததற்குத் தனி வழக்குப் பதியச் சொன்னார். அந்த வீட்டுக்கு இனி அனுப்ப முடியாது, வேறு முகவரி உண்டா என்றார். நான் எழுந்து, என் வீட்டில் இருக்கட்டும் என்றேன். ரோமுவால்ட் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே படிக்கட்டு என்று தெரிந்ததும் மறுத்துவிட்டார். வேறு முகவரி கிடைக்கும்வரை மீதித் தண்டனை சிறையில்.

ஹலினா அழவில்லை. தாழ்வாரத்தில் ரோமுவால்ட் அவள் முன்னால் வந்து நின்றான்.

“பெருமையா இருக்கா? இனி எனக்கு யாருடி சமைப்பா?”

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. காவலரிடம் கேட்டாள்: “போலாமா சார்? கொஞ்சம் படுக்கணும்.”