மூன்றாவது டிக்கெட்டுக்கான பாயின்ட்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மிக்சியால் வந்தது.

மாசி மாதம், கள்ளக்குறிச்சியில் ஒரு பாத்திரக் கடை. எல்லோரும் முகக்கவசத்தைத் தாடைக்கு மாட்டிக்கொண்டு திரிந்த வருடம். மிக்சிக்குப் பணம் கட்ட நோட்டுகளை வெளியே எடுத்தேன். பக்கத்தில் நின்ற பெண், "சார், காசாவா குடுக்கப் போறீங்க? அத்த எங்கிட்ட குடுத்துடுங்க. நான் என் கார்டத் தேச்சிடறேன். உங்களுக்கு ஒரு பைசா ஜாஸ்தி ஆவாது" என்றாள். "நம்பிக் குடுங்க சார், வழக்கமா வர்றவங்கதான்" என்று கடைக்காரர் சிரித்தார். கொடுத்தேன். தேய்த்தாள். நன்றி சொல்லிவிட்டு, அடுத்து நோட்டை எண்ணிக்கொண்டிருந்தவரிடம் போய்விட்டாள்.

எதற்காக என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சட்னி அரைத்திருப்பேன். கேட்காததால் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "கல்வராயன் மலைமேல் மேகம் கவிந்திருந்தது. தேவிப்ரியா தன் கார்டை எடுத்து…" வேண்டாம். மேகத்துக்கும் கார்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: "பேராசை பிடித்த பெண் ஒருத்தி…" எழுதிய கையோடு என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காத ஒருத்தியைப் பேராசைக்காரி என்று எழுத நான் யார்?

மூன்றாவது, இதுவே நிற்கட்டும்: தேவிப்ரியா அரசுப் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர். தியாகதுருகம் பக்கம் வீடு. சம்பளம் வந்த அன்றே வீட்டுக்கடன், மாமியார் காசியம்மாளின் மருந்து, பிள்ளையின் பால் என்று பிய்ந்து போய்விடும். கணவன் பிரவீன்குமாருக்குப் அந்தமானில், போர்ட் பிளேரில் கட்டடச் சென்டரிங் வேலை. மகள் பிறந்த பிறகு அவனால் ஊருக்கு வரவே முடியவில்லை. முதலில் வேலை விடவில்லை, பிறகு ஊரடங்கு விடவில்லை. "அப்பா எங்கே?" என்றால் பிள்ளை போனைக் காட்டும்.

கிரெடிட் கார்டில் வாங்கினால் பாயின்ட் சேரும், பாயின்டில் விமான டிக்கெட் எடுக்கலாம். சொந்தச் செலவில் மட்டும் சேர்த்தால் மகள் கல்யாணத்துக்குத்தான் டிக்கெட் கிடைக்கும். அதனால் தேவிப்ரியா ஊரார் செலவையெல்லாம் தன் கார்டில் ஏற்றிக்கொண்டாள். ஒருவருக்கு மக்காச்சோள விதை, இன்னொருவருக்குச் சங்கராபுரத்தில் கிணற்று மோட்டார். அவர்கள் தரும் ரொக்கத்தை மறுநாளே கார்டுக்குக் கட்டிவிடுவாள். பெட்ரோலுக்குப் பாயின்ட் இல்லை, தங்கத்துக்கும் இல்லை, துணிக்கு இரட்டிப்பு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "நாலு நாள் பொறுத்து வாங்குங்க மாமா, ஒண்ணாந்தேதிலேருந்து பாயின்ட் ஜாஸ்தி" என்பாள். அவர்களும் பாயின்ட் என்றால் என்னவென்று தெரியாமலே பொறுத்துக்கொள்வார்கள்.

(என் நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "இதற்கு வங்கி ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டார். அவர் கதை எழுதுவதில்லை. நிம்மதியாக இருக்கிறார்.)

எதற்காக என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரும் பங்கு கேட்க முடியாத சம்பாத்தியம் அவளுக்கு அது ஒன்றுதான். தை பிறந்ததும் தனக்கும் மகளுக்கும் இரண்டு டிக்கெட் எடுப்பதாகக் கணக்கு. பங்குனி முடிந்தால் அதுவரை சேர்த்ததெல்லாம் செல்லாது.

3

எதிர்வீட்டு முனியன் கார்த்திகையில் பணக்கட்டோடு வந்தார். தங்கை கண்ணகியின் மகளுக்குக் காதுகுத்து, அவர்தான் தாய்மாமன்.

"ஏம்மா தேவி, நம்ம சனத்துக்கு எட ஒதுக்கீடு கேட்டு மெட்ராசுல போராட்டம். வேன் கெளம்பிக்கினு இருக்குது, நான் போயே ஆவணும். பீரோ, சைக்கிளு, பட்டுப்பாவாட அல்லாத்தையும் நீயே எடுத்து மண்டபத்துல எறக்கிடு. கார்டத் தேச்சிக்கோ, எனக்கின்னா."

"விசேசத்துக்கு வந்துருவீங்கல்ல மாமா?"

"தாய்மாமன் மடி இல்லாம காது குத்துவாங்களா? விடிய வந்துர்றேன்."

விடிந்தது. அவர் வரவில்லை. திரும்பும் வழியில் சாலை மறியல். மறித்தவர்களும் அவர் ஆட்கள்தான். (நான் வேண்டுமென்றே மாட்டிவிட்டதாக நினைக்காதீர்கள். அந்த வருடம் அப்படித்தான் இருந்தது.)

மண்டபத்தில் சனம் காத்திருந்தது. மைக் பிடித்த கண்ணாயிரத்துக்கு வாய் சும்மா இருக்காது. நேரத்தை ஓட்ட, மேடையிலிருந்த சாமான்களை அறிவிக்கத் தொடங்கினார். யார் சீர் என்று தெரியவில்லை. பீரோக் கதவில் கடைக்காரன் ஒட்டியிருந்த பில்லைப் பார்த்தார். "பீரோ ஒன்று! சைக்கிள் ஒன்று! தாய்மாமன் சீர் செய்பவர், தேவிப்ரியா அவர்கள்!"

அந்த நேரம் பார்த்துத்தான் முனியன் உள்ளே நுழைந்தார்.

"இன்னாய்யா இது? நான் செத்தா போய்ட்டேன்?" தோள்துண்டை உதறிக் கீழே எறிந்தார். "அவளயே மடியில வெச்சிக் குத்திக்கச் சொல்லு. நான் வூட்டுக்குப் போறேன்." கண்ணகி அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்துப் பிள்ளையும் அழுதது.

4

இந்த இடத்தில், "தேவிப்ரியா கண்ணீருடன் யாருக்கும் தெரியாமல் வெளியேறி…" என்று எழுதி அடித்துவிட்டேன். முன்பின் தெரியாத என்னிடம் வந்து நோட்டைக் கேட்டவள் அப்படிப் போகமாட்டாள். உண்மையைச் சொன்னால் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியாருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் பிள்ளைக்குக் காது குத்த மாட்டார்கள்.

மைக்கை வாங்கினாள்.

"சீரு முனியன் மாமாவுது. காசும் அவுருது. கார்டு மட்டுந்தான் என்னுது."

"நீ எதுக்குத் தேச்ச?" கூட்டத்தில் ஒரு குரல்.

"தேச்சா பாயின்ட் வரும். அத்த சேத்து ஏரோப்ளேன் டிக்கெட் எடுக்கணும். எங்க வூட்டுக்காரரு பாப்பாவ இன்னும் கையில தூக்கிக்கூடப் பாக்கல."

முனியன் குனிந்து துண்டை எடுத்தார். மேடையேறிச் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடிக்கு வாங்கிக்கொண்டார்.

"முன்னாடியே சொல்றதில்ல? இன்னொரு பாவாட சேத்து எடுத்திருப்பேன்."

5

பந்தியில் காசியம்மாள் மருமகளின் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தினி டிக்கெட்டு?"

"ரெண்டு அத்தே."

காசியம்மாள் அப்பளத்தை நொறுக்கினாள். உடனே சாப்பிடவில்லை. "நானுந்தான் அவன நேருல பாத்து மூணு வருசம் ஆவுது" என்றாள்.

தேவிப்ரியாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கடைசியில் இதற்கும் ஒரு பங்காளி வந்தாயிற்று. பிறகு, இதுநாள்வரை டிக்கெட்டைக் கணக்குப் போடும்போது இவள் முகம் தனக்கு ஒருமுறைகூட நினைவில் வரவில்லையே என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. கோபமும் முழுதாகப் போகவில்லை.

6

முடிவுகள்.

அ. தையில் இரண்டு டிக்கெட் எடுத்துக் கிளம்பிவிட்டாள். தப்பே இல்லை, அவள் ஓடியாடிச் சேர்த்தது.

ஆ. மாமியார் கம்மலைக் கழற்றிக் கொடுத்து… சீ, இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இ. இதை நான் யோசிக்கவே இல்லை. 'அ'வை எழுதி முடித்து, டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. நான் மிக்சி வாங்கியது மாசியில். தையில் பறந்திருக்க வேண்டியவள் மாசியில் அந்தக் கடையில் என்ன செய்துகொண்டிருந்தாள்?

இரண்டு டிக்கெட்டை அவள் எடுக்கவில்லை. மூன்றாவதற்காக நின்றிருக்கிறாள், பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தபோதும்.

அவள் கதையை நான் இட்டுக்கட்டினேன்தான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் அவளே செய்துவிட்டாள் என்று நம்புகிறேன். நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. என் மிக்சிக்கு எத்தனை பாயின்ட் விழுந்ததோ, தெரியாது. கிரைண்டரும் வாங்கியிருக்கலாம்.

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. என்னிடம் இருந்த நோட்டைக் கொடுத்தாயிற்று. கதைக்குள் இன்னும் மாசிதான். கள்ளக்குறிச்சியில் நீங்கள் ஒரு கடைக்குள் நுழைகிறீர்கள். ஏதோ வாங்கிவிட்டீர்கள், பையில் கை விடுகிறீர்கள். பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு.

"காசாவா குடுக்கப் போறீங்க?"