மீதி அட்டையில்

அனுசுயா தாலுகா ஆபீஸில் இருபத்தாறு வருஷமாக ஃபைல் பார்க்கிறவள். அவள் கைக்குப் போன காகிதம் காணாமல் போனதாக ஒரு பேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்டவள், பெற்ற தகப்பன் எழுதியதில் பாதியைத் தானே எரிக்கக் கொடுத்தாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். எங்கள் பக்கத்தில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அவளுடைய அய்யா பெரியகருப்பன், கோவிலூருக்குத் தெற்கே ஒரு ஊரில் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடும். மற்ற நேரமெல்லாம் மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதுவார். என்ன எழுதுகிறார் என்று வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. போன தை மாதம் போய்ச் சேர்ந்தார். பதினோரு நீள நோட்டு மிஞ்சியது. காரைக்குடியில் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளூர்க்காரர்களின் கையெழுத்துப் பிரதிகளை வாங்கிப் பாதுகாக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அலமாரி காலியானால் சரி என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

நாலு மாதம் கழித்து அங்கிருந்து போன் வந்தது. ஆவணப் பிரிவில் காகிதங்களைப் பிரித்து அடுக்குகிற ராஜப்ரியா பேசினாள்.

"அக்கா, இன்னைக்கே வர முடியுமா? அய்யா நோட்டுல ஒரு சந்தேகம்."

அனுசுயா அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். ஆவண அறைக்குள் ஏ.சி. குளிர். சுவர் நீளத்துக்கு இரும்பு ரேக், அதில் சாம்பல் நிற அட்டைப் பெட்டிகள். ஒரு பெட்டியின் முகப்பில் 'பெரியகருப்பன் தாள்கள்' என்று அச்சடித்து ஒட்டியிருந்தது. 'ஏ மோட்டாரு, தண்ணி வரலை!' என்று ஊரே அதட்டிய மனுஷனுக்கு இப்படி ஒரு இடமா என்று அனுசுயாவுக்கு மலைப்பாக இருந்தது. செருப்பை வெளியே கழற்றியிருக்கலாமோ என்றுகூட ஒரு நினைப்பு.

"நான் நாவல்னுதான் நெனைச்சேன்" என்றாள் ராஜப்ரியா. "ஆனா எல்லாம் நெசமான ஆளுக, உங்க ஊர் ஆளுக. ஒருத்தருக்கு ஒரு அத்தியாயம். ஒவ்வொண்ணும் முடியிற எடத்தைப் பாருங்க."

புரட்டினாள். முத்துக்கண்ணன் ஆசாரி ஊரில் பாதி வீட்டுக்குக் கதவு செய்தவர், அவர் வீட்டுக் குளியலறைக்கு மட்டும் சாக்குப் படுதா என்று ஒரு அத்தியாயம். சுவாரஸ்யமாகப் போய்க்கொண்டிருந்தது சட்டென்று நின்று, கீழே 'மீதி அட்டையில்' என்று கோடு போட்டு எழுதியிருந்தது. அடுத்த அத்தியாயத்திலும் அதே. அதற்கடுத்ததிலும்.

"இருநூத்திப் பதினாலு எடத்துல இப்படி இருக்கு. எந்த அட்டைக்கா அது? வீட்டுல இருக்கா?"

அனுசுயா புரட்டிக்கொண்டிருந்த நோட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டாள்.

எந்த அட்டை என்று அவளுக்குத் தெரியும். கருமாதிப் பத்திரிகை. செத்தவரின் பதினாறாம் நாளுக்கு அடிக்கிற கருப்பு எழுத்து அட்டை. அதை யாரும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். வாசலில் நின்று படித்து, ஓரத்தைக் கிழித்து, அங்கேயே போட்டுவிட்டு வந்து கால் கழுவுவார்கள். பெரியகருப்பன் மட்டும் ஒன்றுவிடாமல் எடுத்து உரச்சாக்கில் சேர்த்து மாட்டுக்கொட்டகையில் வைத்திருந்தார். "எழவு அட்டைய எவனாச்சும் சேத்து வைப்பானா? குடும்பம் வெளங்குமா?" என்று அனுசுயாவின் அம்மா அக்கம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். அய்யாவின் காரியம் முடிந்ததும் அனுசுயா செய்த முதல் வேலை, அந்தச் சாக்கைக் கட்டி, சுடுகாடு பார்க்கிற வீரணனிடம் கொடுத்து எரிக்கச் சொன்னதுதான். ஒரு அட்டையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. கருமாதிப் பத்திரிகையின் பின்பக்கத்தை யார் பார்ப்பார்கள்?

"எரிக்கச் சொல்லிட்டேன் தங்கச்சி" என்றாள். "நானே குடுத்துவிட்டேன். பாவி, நானே."

ராஜப்ரியா நோட்டை மெதுவாக மூடி வைத்தாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு அனுசுயா ஊருக்குப் பறந்தாள். வழியெல்லாம் இல்லாத சாமியையெல்லாம் கூப்பிட்டாள். எரித்திருப்பார், நாலு மாதம் வைத்துக்கொண்டா இருப்பார் என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே வந்தது. வீரணன் கண்மாய்க் கரையில் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தச் சாக்கு! அய்யாவோட சாக்கு! எரிச்சிட்டீகளா?"

வீரணன் தயங்கினார். திட்டு விழப்போகிறது என்று முகத்தில் எழுதியிருந்தது.

"கோவிச்சுக்காதீக தாயி. எரிக்கலை. எங்க ஆட்டுக்கொட்டகை பரண்ல கெடக்கு."

"ஏன்ண்ணே?"

"பிரிச்சுப் பாத்தேன். எல்லாம் செத்தவுக பேரு. அத்தனை பேரையும் நான்தானே ஒருக்கா எரிச்சேன்? மறுபடியும் எப்படித் தாயி எரிப்பேன்?"

கண்மாய்க் கரையில், பட்டப்பகலில், தாலுகா ஆபீஸ்காரி என்கிற கெத்தெல்லாம் போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள் அனுசுயா. வீரணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எரிக்காததுக்கா அழுகுறீக?" என்று கேட்டார்.

மறுநாள் காலை சாக்கோடு வீரணனையும் கூட்டிக்கொண்டு போனாள். நூலகத்தில் அவர் வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்கய்யா, நீங்க இல்லைன்னா இது ஏது?" என்று ராஜப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். நீள மேஜையில் வெள்ளைத் துணி விரித்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். ஒரு பக்கம் கருப்பு அச்சு. திருப்பினால் பெரியகருப்பனின் பொடி எழுத்து, மூலைக்கு மூலை, இடம் விடாமல்.

முத்துக்கண்ணன் ஆசாரியின் அத்தியாயத்துக்கு மீதி, முத்துக்கண்ணன் ஆசாரியின் கருமாதி அட்டைக்குப் பின்னால் இருந்தது. ராஜப்ரியா வாசித்தாள்: 'ஆசாரி படுத்த படுக்கையானதும் மகன் குளியலறைக்குப் பிளாஸ்டிக் கதவு வாங்கிவந்து மாட்டினான். ஆசாரி படுத்தபடியே அதை நாலு தரம் திறந்து மூடச் சொல்லிக் கேட்டார். "கிறீச்சுனு ஒரு சத்தம் இல்லை. எவனோ நல்ல வேலைக்காரன்" என்றார். அதற்கப்புறம் அவர் எந்தக் கதவையும் குறை சொல்லவில்லை.'

இப்போதுதான் மூவருக்கும் பிடிபட்டது. ஆள் உயிரோடு இருக்கும்வரை கதையை முடிக்காமல் வைத்திருந்திருக்கிறார் மனுஷன். போனபிறகு, அவரவர் அட்டையிலேயே முடித்திருக்கிறார். நாற்பது வருஷம், ஊரில் விழுந்த ஒவ்வொரு சாவுக்கும். அம்மாடி! பக்கத்தில் இருந்து சோறு போட்டவர்களுக்கே தெரியாமல் ஒரு ஊரையே எழுதி வைத்திருக்கிறார்.

"எனக்கும் இருக்கா?" என்று கேட்டார் வீரணன்.

ஆறாவது நோட்டில் இருந்தது. மூன்று பக்கம். கடைசியில் 'மீதி அட்டையில்'.

"அப்ப நான் போனாத்தான் மீதியா? மோட்டாருக்குக் குசும்பு போகலை பாரு!" வீரணன் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

அனுசுயா தேடிக்கொண்டிருந்தது வேறு அட்டை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளே அச்சுக்குக் கொடுத்தது. கிடைத்ததும் திருப்பக் கை வரவில்லை. பிறகு திருப்பினாள்.

'அக்கம்மாள் இந்தச் சாக்கைக் கடைசிவரை வீட்டுக்குள் விடவில்லை. ஆனால் மழை இறங்கினால் முதலில் ஓடிவந்து இதன்மேல் தார்ப்பாய் போடுவது அவள்தான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டிருக்கலாம்.'

அம்மா சாவில் அய்யா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று எட்டு வருஷமாக அவரோடு முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தவள் அனுசுயா. அட்டையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

பொழுது சாயும்போது கணக்குப் பார்த்தார்கள். இருநூற்றுப் பதினாலு அத்தியாயத்தில் நூற்று எழுபத்தொன்றுக்கு மீதி கிடைத்துவிட்டது. நாற்பத்திரண்டு பேர் ஊரில் திடமாக இருக்கிறார்கள். ஒன்று மட்டும் கணக்கில் இடித்தது. ராஜப்ரியா பதினோராவது நோட்டின் கடைசிப் பக்கத்தை அனுசுயா முன்னால் வைத்தாள்.

தலைப்பு: பெரியகருப்பன். அதற்குக் கீழே நாலே வரி.

'பெரியகருப்பன் மோட்டார் போட்டான். எழுதினான். ஊரில் எல்லாரிடமும் பேசினான். மகளிடம் மட்டும் பேசத் தெரியவில்லை. மீதி அட்டையில்.'

சாக்கின் அடியில் ஒரு கட்டு கிடந்தது. அய்யாவுக்கு அவள் அடித்த பத்திரிகையில் கொடுத்ததுபோக மிஞ்சியது, நாற்பது அட்டை. அதையும் எரிக்கத்தான் சாக்கில் திணித்துவிட்டிருந்தாள். மேலே இருந்த ஒன்றை உருவினாள். கருப்பு எழுத்தில் அய்யா பெயர், கீழே அவள் பெயர். திருப்பினாள். மூலைக்கு மூலை வெறும் வெள்ளை.

கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"அக்கா, இங்க பேனா கூடாது" என்றாள் ராஜப்ரியா. ஆவணத்தில் ஒரு புள்ளிகூட யாரும் வைக்கக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு தன் பென்சிலைச் சீவி, மேஜையில் அனுசுயா பக்கம் நகர்த்திவிட்டு, பெட்டி அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

அனுசுயா எழுதினாள். 'எட்டு வருஷம் இந்த மனுஷனோடு பேசாமல் இருந்த மகள் எழுதுவது.' அதோடு நிற்கும் என்றுதான் நினைத்தாள். நிற்கவில்லை. எழுத்து தானாகப் பொடியாகிக்கொண்டே போனது, ஓரம்வரை, மூலைவரை.

இடம் தீர்ந்ததும் நிமிராமலே கையை நீட்டினாள்.

"அண்ணே, அடுத்த அட்டையக் குடுங்க."