ஆடும் மேசை

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குத் தகராறு என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவள் கோபப்படவில்லை என்று தெரிந்ததும் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். மூளை வேலை செய்யும் விதத்தைப் பார்த்து வடிவமைத்த ஒரு கணினிச் சில்லை, அதாவது சிப்பை, ஐந்து வருடமாக வளர்த்துவந்தாள். மற்ற கணினிகளைப் போல அது ஓயாமல் ஓடாது. அதனோடு இணைத்த கேமராவுக்கு முன்னால் ஏதாவது மாறினால் ஒரு துடிப்பு, மாறாவிட்டால் மௌனம். அதனால் குண்டு பல்பு குடிக்கும் மின்சாரத்தில் நூறில் ஒரு பங்குகூட அதற்கு வேண்டாம்.

“வாயே திறக்காத மெஷினா? அதுக்குத்தான் வீட்டுல உங்கப்பா இருக்காரே!” என்று கேட்டுவிட்டாள் அவள் அம்மா.

ஒருநாள் காலை, திட்டத்தைச் சோதிக்கத் தேர்வுக்குழு கூடியது. எதிரே ஸ்டாண்டில் மாட்டும் அட்டையில் என்ன எண் என்று சில்லு படித்துச் சொல்ல வேண்டும். படித்தால் திட்டம் தொடரும். இல்லையென்றால் மூடுவிழா, அவள் அறை பெரிய கணினிக்காரர்களுக்குப் போய்விடும். அவர்கள் கணினியைக் குளிர்விக்கவே ஒரு மாடி நிறைய ஏசி ஓடுகிறது.

குழுவின் அறையில் நாலு ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாத கல்மேசை. அதன்மேல் கேமராவையும் சில்லையும் வைத்தாள். ஸ்டாண்டில் அட்டையை மாட்டினாள். கை அசைந்தபோது திரையில் புள்ளிகள் சீறின. கை விலகியதும் அடங்கிப்போயின. அப்புறம் திரை வெறும் கறுப்பு.

“என்னம்மா, தும்மிட்டுத் தூங்கிடுச்சா?” என்றார் தலைவர். குழு சிரித்தது.

அவள் இணைப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். நேற்றுவரை நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாகச் சொன்ன பிள்ளை!

“ஒண்ணு செய்யலாம். சாதாரண கேமராவை மாட்டு. நொடிக்கு முப்பது படம் ஊட்டு. பெரிய மெஷின் குழுவோட சேர்ந்துக்கோ. இப்பவே கையெழுத்துப் போடறேன்” என்றார் தலைவர்.

“முப்பது படம் ஊட்டினா அதுவும் எல்லாரையும் மாதிரி தின்னுட்டுக் கிடக்கும் சார். அதுக்கா அஞ்சு வருஷம்? மாட்டேன்.”

பின்னால் நின்ற டெக்னீஷியன் அண்ணன் காதருகே குனிந்தார். சில்லின் ஒவ்வொரு கம்பிக்காலையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தவர் அவர்தான். “தங்கச்சி, இந்த மேசை ஆடலியே.”

அவள் தலையில் யாரோ குட்டியது போலிருந்தது. அவளும் அண்ணனும் வேலை செய்யும் அறையின் மேசைக்கு ஒரு கால் கட்டை, எப்போதும் ஆடும். பற்றவைக்கும் புகையை விரட்ட அதில் திருகிய பழைய விசிறி வேறு. ஐந்து வருடமும் கேமரா நடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நடுக்கத்தில்தான் அசையாத அட்டையும் அதற்கு அசைந்திருக்கிறது! தகராறோ, மேசையை மாற்றச் சொல்லி ஸ்டோர் பிரிவுக்குப் பன்னிரண்டு கடிதம் எழுதியிருந்தாள். நல்லவேளை, ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

“பத்து நிமிஷம் கொடுங்க சார். மேசையைக் கொண்டுவரேன்.”

“மேசையையா?”

“மேசையைத்தான்.”

லிஃப்டில் நுழையவில்லை. மூன்று மாடியும் படியில் தூக்கினார்கள். “போன ஜென்மத்துல நீ எனக்குக் கடன்காரியா இருந்திருப்பே” என்று மூச்சிரைத்தார் அண்ணன். மேசை வந்து, சில்லும் கேமராவும் இடம் மாறி, விசிறி சுழன்றது. கட்டைக்கால் தந்தியடித்தது. திரையில் புள்ளிகள் எறும்பாய் மொய்த்தன.

ஏழு என்று திரை காட்டியது. அட்டையிலும் ஏழுதான்.

தலைவர் தானே எழுந்து அட்டையை மாற்றினார். மூன்று. மறுபடி மாற்றினார். எட்டு.

“அப்போ ஒடிஞ்ச மேசை இருந்தாத்தான் இதுக்குக் கண்ணு தெரியும்?”

“உங்க கண்ணும் அப்படித்தான் சார். நமக்கே தெரியாம நடுங்கிக்கிட்டே இருக்கு. நடுக்கம் நின்னா, எதிர்ல நிக்கற நானே மங்கி மறைஞ்சிடுவேன்.”

“அது எனக்குச் சௌகரியம்தான்” என்றார் தலைவர். ஆனால் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு வருடம் கொடுத்தார். அறிக்கையில் ‘குறைகள்’ என்ற தலைப்பின் கீழ் ‘மேசை ஆட வேண்டும்’ என்று எழுதினார். அவள் பேனாவை வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே அந்த வரியை அடித்துவிட்டு, ‘வேலை செய்யும் முறை’ என்ற தலைப்பின் கீழ் அதையே எழுதினாள்.

மறுவாரம் ஸ்டோர்க்காரர் வந்தார். பின்னால் இரண்டு பேர் புத்தம்புது இரும்பு மேசையைச் சுமந்து நின்றார்கள்.

“ஆடவே ஆடாது மேடம். கையெழுத்துப் போடுங்க.”

“போட மாட்டேன். திருப்பிக் கொண்டுபோங்க.”

“பன்னிரண்டு தடவை கேட்டது நீங்கதானே?”

“நான்தான். அப்போ எனக்கு அறிவில்லை” என்று கதவைச் சாத்தினாள் தகராறு. உள்ளே மேசை அதன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.