திறந்து கிடந்த கேட்

லிண்டனுக்கு ஒரு குணம். ஊரில் யார் எதை ஒழுங்காகச் செய்யவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பான். காருக்குப் பின்னால் காரவான் என்ற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு பாலரட் நகரத்திலிருந்து கிளம்பிய பதினோரு நாளும் இதே பாட்டுதான். முன்னால் போகிறவன் ஒதுங்கி வழிவிடவில்லை. பக்கத்துக் காரவான்காரன் குப்பையைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். மனைவி ஜாக்கிக்குக் காது புளித்துப்போயிற்று. பத்து வயது மகள் டெஸ்ஸா மட்டும் அப்பா சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினாள். தினம் ஒரு பக்கம் பயணக் குறிப்பு எழுதுவதாக ஒப்புக்கொண்டதால்தான் பள்ளிக்கூடத்தில் கூடுதலாக ஒரு வாரம் லீவு கிடைத்தது.

திங்கட்கிழமை நோலீன் என்ற அம்மாளின் மாட்டுப் பண்ணைக்குள் நுழைந்தார்கள். ஒரு வேலியிலிருந்து அடுத்த வேலிக்கே அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். உள்ளே ஓடைக்கரையில், அவள் வீட்டுக்குப் பக்கத்தில், காரவான்காரர்கள் தங்க இடம் உண்டு. வழியில் மூன்றாவது கேட் விரியத் திறந்து, தூணோடு கம்பி போட்டுக் கட்டியிருந்தது. அதில் ஒரு தகரப் பலகை: இருந்தபடியே விடவும்.

"எவனோ சோம்பேறி திறந்து போட்டுட்டுப் போயிருக்கான் பாரு."

"கட்டி வச்சிருக்குப்பா," என்றாள் டெஸ்ஸா.

"மாட்டுப் பண்ணையில எவனாவது கேட்டத் திறந்து போடுவானா? நமக்காவது பொறுப்பு வேணாமா?"

"பலகையைப் படிச்சியா லிண்டன்?" என்று ஜாக்கி கேட்டாள்.

"அதெல்லாம் படிச்சாச்சு. அது ஒழுங்கா இருக்கிற கேட்டுக்குப் போட்டது."

கம்பியை அவிழ்த்து, கேட்டை மூடி, சங்கிலியை மாட்டி, பெரிய காரியம் சாதித்தவன் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு வந்து ஏறினான்.

அடுத்த மூன்று நாளும் நாற்பத்திரண்டு டிகிரி வெயில். வியாழக்கிழமை மதியம் நோலீன் தன் பிக்கப் வண்டியை ஓடைக்கரையில் நிறுத்தி இறங்கினாள். அறுபது வயது. தொப்பி முதல் பூட்ஸ் வரை செம்மண். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஏழெட்டுக் குடும்பங்களும் அவளைத் திரும்பிப் பார்த்தன.

"மூணாவது கேட்ட யாரு மூடினது? அந்தப் பக்கத்து மாட்டுக்கெல்லாம் தண்ணித் தொட்டி இந்தப் பக்கம்தான் இருக்கு. அதுக்குத்தான் கட்டி வச்சிருந்தேன். பதினாலு பசு செத்துக் கிடக்கு. மூடின கேட்டுல முட்டி முட்டி, அங்கயே விழுந்திருக்கு."

'நான்தான்' என்று ஒரே ஒரு சொல். லிண்டனின் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"செவ்வாய்க்கிழமை அந்த வழியா ரெண்டு பொண்ணுங்க வந்தாங்க. அதோ, அந்த வெள்ளை வேன்."

அடப்பாவி! சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது.

இருபது வயசு இருக்கும் அந்தப் பெண்களுக்கு. ஒருத்தி கையில் பாதி நறுக்கிய தக்காளியோடு எழுந்து நின்றாள். "நாங்க வந்தப்ப மூடித்தாங்க இருந்துச்சு. திறந்துட்டு வந்து, மறுபடி மூடினோம். இருந்தபடியே விடணும்னுதானே போட்டிருக்கு?"

"புளுகாத! கட்டி வச்ச கேட்டு தானா மூடிக்குமா?" நோலீன் கத்தினாள். "அறிவு கெட்டதுங்களா! சாமானக் கட்டுங்க. என் நிலத்துல உங்க சக்கரத் தடம் இருக்கக் கூடாது." இன்னும் என்னென்னவோ சொன்னாள். தக்காளிக்காரி அழுதுகொண்டே கூடாரத்தைச் சுருட்டினாள். லிண்டன் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். ஜாக்கி அவனைப் பார்த்த பார்வையை அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

வேன் போய் அரை மணி ஆகியிருக்கும். காரவானுக்குள் டெஸ்ஸா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடித்த தாள் ஒன்றை, உள்ளே வந்த அப்பாவின் உள்ளங்கையில் திணித்தாள்.

"திங்கட்கிழமைப் பக்கத்தக் கிழிச்சுட்டேம்பா. யாருக்கும் தெரியாது. நானும் சொல்ல மாட்டேன்."

பிரித்தான். குண்டுக் குண்டு எழுத்தில் இருந்தது: 'ஒரு சோம்பேறி கேட்டைத் திறந்து போட்டிருந்தார். என் அப்பா பொறுப்பானவர். அவர் மூடினார்.'

அவனுக்கு மானம் போயிற்று. யாரும் பார்க்காத இடத்தில், பத்து வயதுக் குழந்தைக்கு முன்னால் போயிற்று. தன்னைக் காப்பாற்ற அவள் திருட்டுத்தனம் பழகிவிட்டாளே! எழுந்து நோலீன் வீட்டுக்கு நடந்தான். பிக்கப்பில் கயிறு ஏற்றிக்கொண்டிருந்தவளிடம் தாளை நீட்டினான்.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"அதுங்கள நான் என்னென்ன பேசினேன்னு நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்த?"

"ஆமாங்க."

"ஆமாங்கவாம்!" வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவின் மைக்கைப் பிக்கப்பிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தாள். "அதுங்க வண்டியிலயும் ரேடியோ பார்த்தேன். இன்னும் எட்டும். பேசு."

"இத எல்லா வண்டியிலயும் கேப்பாங்களே."

"அதுங்கள மட்டும் நான் தனியாக் கூப்பிட்டா திட்டினேன்?"

பொத்தானை அழுத்தினான். "வெள்ளை வேன்ல போற பொண்ணுங்களே... கேட்ட மூடினது நான். நீங்க வர்றதுக்கு முந்தின நாள். எனக்குத் தெரிஞ்சே உங்க மேல பழியப் போட்டேன். மன்னிச்சிடுங்க." ஓடைக்கரையில் நின்ற வண்டிகளிலிருந்தெல்லாம் அவன் குரல் அவனுக்கே திரும்ப வந்தது. அதில் ஒன்று அவன் வண்டி.

இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல்: "கேட்டுச்சு." அவ்வளவுதான்.

நோலீன் மைக்கை வாங்கினாள். "கண்ணுங்களா, தப்பு என் மேலயும்தான். திரும்பி வாங்கம்மா." பதில் வரவில்லை.

"காலையில அஞ்சு மணிக்கு வந்துடு," என்றாள் அவனிடம், முகத்தைப் பார்க்காமல். "பதினாலையும் இழுத்துப் போட ஆள் வேணும்."

திரும்பி வரும்போது நாற்காலிகளில் பேச்சு நின்றது. திட்டியிருந்தாலாவது தேவலை. படிக்கட்டில் டெஸ்ஸா நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்குப் பக்கத்துல என்னப்பா எழுத?"

"நடந்தத எழுதும்மா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. லிண்டன் பக்கத்திலேயே நின்றான். ஒரு வரியைக்கூட எட்டிப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.